குறுக்குவெட்டுப் பெண்ணியத் தலைமை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சங்கம், தன்னார்வ அமைப்பு, அலுவலகம், தொழிற்சங்கம் என எங்கே பொறுப்பில் இருந்தாலும் சந்தேகங்கள் என்னவோ ஒரே மாதிரிதான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதன் மேல்தான் நிற்கின்றன.

“குறுக்குவெட்டுப் பெண்ணியம்னா என்னங்க? பெண்ணியம்னு மட்டும் சொன்னா போதாதா?”

யாரும் பெண்ணாக மட்டும் வாழ்வதில்லை. சாதி, நிறம், வர்க்கம், மதம், மொழி, உடல்நிலை, வயது எல்லாம் கூடவே வருகின்றன. இவற்றில் இரண்டு மூன்று ஒரே ஆளின் மேல் சேர்ந்து விழும்போது உண்டாகும் பாதிப்பு, தனித்தனியாகப் பார்த்தால் கண்ணில் படாது. அதைப் பார்க்கும் முறைக்குத்தான் இந்தப் பெயர். ‘இன்டர்செக்‌ஷனாலிட்டி’ என்று அப்படியே சொல்பவர்களும் உண்டு.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கில் 1976-இல் தீர்ப்பு வந்தது. 1964-க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததே இல்லை. 1970-க்குப் பிறகு எடுக்கப்பட்ட கறுப்பினப் பெண்கள் எல்லாரும் ஆட்குறைப்பில் வேலை இழந்தார்கள். “பெண்களை இவர்கள் முன்பே வேலைக்கு எடுத்திருக்கிறார்கள், ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை, இனப் பாகுபாட்டுக்கு வேறொரு வழக்கு நடக்கிறது, அதில் சேர்ந்துகொள்ளலாம், இரண்டையும் கலந்து ஒரே வழக்காக நடத்த முடியாது” என்பதுதான் தீர்ப்பின் சாரம். முன்பே வேலைக்கு எடுக்கப்பட்ட அந்தப் பெண்கள் வெள்ளையர்கள். சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் இந்த வழக்கை அலசித்தான் இந்தச் சொல்லை முன்வைத்தார். நாற்சந்தியில் நிற்பவர் மேல் எந்தத் திசை வண்டியும் மோதலாம், எல்லாத் திசை வண்டியும் சேர்ந்தும் மோதலாம் என்பது அவர் காட்டிய படம். சிந்தனை அதற்கும் மூத்தது: பாஸ்டனில் இயங்கிய கோம்பாஹீ ரிவர் கலெக்டிவ் என்ற கறுப்பினப் பெண்ணியக் குழு 1977 அறிக்கையிலேயே இதைப் பேசியிருந்தது.

“எங்க விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். யாரையும் பிரிச்சுப் பார்க்கிறதில்லை. அப்புறம் எங்கே பாகுபாடு?”

அந்த நிறுவனத்திலும் ஆட்குறைப்பு விதி எல்லாருக்கும் ஒன்றுதான்: கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும். சேரும் வாசல் யாருக்கு எந்த ஆண்டில் திறந்தது என்பதை அந்த விதி கேட்கவில்லை.

உங்கள் அமைப்பின் விதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, “இதனால் யார் வராமல் போகிறார்?” என்று கேட்டுப் பாருங்கள். செயற்குழுவில் நிற்க ஐந்து ஆண்டு உறுப்பினராக இருக்க வேண்டும், இரண்டு பழைய உறுப்பினர்கள் பரிந்துரைக்க வேண்டும், கூட்டம் இரவு எட்டு மணிக்கு என்பவை எல்லா அமைப்பிலும் இருப்பவை. இன்னொன்று அதிகம் கவனிக்கப்படாதது: “முதலில் கைக்காசில் செலவு செய்யுங்கள், பில் கொடுத்தால் பிறகு தருகிறோம்.” கையில் காசில்லாதவர் அந்தப் பயணத்துக்கு வரமாட்டார், ஏன் வரவில்லை என்று சொல்லவும் மாட்டார். “அவருக்கு ஆர்வம் இல்லை” என்று நாம் முடிவு கட்டிவிடுவோம். முன்பணம் கொடுத்தால் தீர்ந்துபோகிற விஷயம் இது.

“இப்போ எங்க தலைவரே ஒரு பெண்தான். இன்னும் என்ன வேணும்?”

நல்ல தொடக்கம். ஆனால் அவர் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். காசோலையில் யார் கையெழுத்து? ஆளை எடுப்பதும் அனுப்புவதும் யார் முடிவு? கூட்டத்தில் எதையெல்லாம் பேசுவது என்ற பொருள் வரிசையை எழுதுவது யார்? மூன்றும் வேறொருவரிடம் இருந்தால், பதவி ஓரிடத்திலும் அதிகாரம் இன்னோரிடத்திலும் இருக்கிறது என்றுதான் பொருள்.

எந்தச் சமயத்தில் அவரைத் தலைவராக்கினீர்கள் என்பதும் முக்கியம். மிஷெல் ரயன், அலெக்ஸ் ஹாஸ்லம் என்ற ஆய்வாளர்கள் பிரிட்டனின் பெரிய நிறுவனங்களை ஆராய்ந்து 2005-இல் ஒன்றைக் காட்டினார்கள்: பங்குச்சந்தை சரிந்திருந்த காலத்தில் பெண்களை இயக்குநர் குழுவில் சேர்த்த நிறுவனங்கள், அதற்கு முந்தைய மாதங்களிலேயே தொடர்ந்து மோசமாகச் செயல்பட்டு வந்தவை. கப்பலில் ஓட்டை விழுந்த பிறகு சுக்கானைக் கொடுத்துவிட்டு, மூழ்கினால் ஓட்டியவர் மேல் பழி போடுவது போலத்தான் இது. நெருக்கடியில் பொறுப்பைக் கொடுப்பதாக இருந்தால், கடன் எவ்வளவு, நிலுவைப் புகார்கள் எத்தனை என்பதை எழுத்தில் கொடுத்து, சரிசெய்யக் கால அவகாசத்தையும் தீர்மானமாகவே போட்டுவிடுங்கள்.

“எங்க குழுவில் தலைவரே கிடையாது, எல்லாரும் சமம். எங்களுக்கு இதெல்லாம் பொருந்துமா?”

உங்களுக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெண்கள் விடுதலைக் குழுக்களைப் பற்றிப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன் எழுதியது இதைத்தான்: அமைப்பு வடிவம் இல்லாத குழுவிலும் தலைமை இருக்கும், அது பெயரில்லாமல் இருக்கும். ஏற்கெனவே நண்பர்களாக இருப்பவர்கள், நேரம் அதிகம் உள்ளவர்கள், ஒரே மாதிரிப் படிப்பும் பேச்சும் கொண்டவர்கள் சேர்ந்து முடிவெடுப்பார்கள். யாரும் அவர்களைத் தேர்ந்தெடுக்காததால் யாராலும் அவர்களை நீக்கவும் முடியாது. புதிதாக வருபவருக்கு யாரிடம் கேட்பது என்றே தெரியாது. எந்த முடிவை யார் எடுக்கலாம், எவ்வளவு காலத்துக்கு, கேள்வி எழுந்தால் யார் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். சமத்துவம் அதனால் குறையாது.

“சரி, எங்கிருந்து தொடங்குறது? முதல் வேலை என்ன?”

எண்ணுவது. ஆனால் ஒரு பண்பை மட்டும் வைத்து எண்ணக் கூடாது, இரண்டைச் சேர்த்து எண்ண வேண்டும். ஒரு கணக்கைப் பாருங்கள். 120 பேர் உள்ள அமைப்பு. பெண்கள் 48, அதாவது 40 சதவீதம். ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் 24, அதாவது 20 சதவீதம். மேலாளர்கள் 20 பேர். அதில் பெண்கள் 8, ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் 4. மேலேயும் கீழேயும் அதே 40, அதே 20. அறிக்கையில் போட்டால் பாராட்டுதான் வரும். இப்போது கட்டம் போட்டுப் பிரித்துப் பாருங்கள். அந்த 8 பெண்களும் ஆதிக்கச் சமூகத்தவர், அந்த 4 பேரும் ஆண்கள் என்றால், ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண் மேலாளர் பூஜ்யம். 1976 தீர்ப்பின் கண்ணுக்குத் தப்பியது இந்தப் பூஜ்யம்தான்.

யார் உள்ளே இருக்கிறார்கள் என்பதோடு நின்றுவிடாதீர்கள். யார் முடிவெடுக்கிறார்கள், யாருக்குச் சம்பளம், யார் சம்பளமில்லாமல் உழைக்கிறார்கள், கடந்த இரண்டு ஆண்டுகளில் யார் விலகினார்கள் என்பதற்கும் இதே கட்டத்தைப் போடுங்கள். விலகியவர் பட்டியலைப் போலப் பேசும் பட்டியல் வேறில்லை. அதை யாரும் போடுவதில்லை என்பதுதான் வருத்தம். ஏதாவது ஒரு கட்டத்துக்குள் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் அந்த எண்ணை வெளியிடாதீர்கள். ஆளை அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

“ஆளுங்ககிட்ட போய் சாதி, மதம், உடல் குறைபாடு எல்லாம் கேட்கிறதே தப்பு இல்லையா?”

தப்பாகக் கேட்டால் தப்பு. பெயரை வைத்தும் தோற்றத்தை வைத்தும் நீங்களே ஊகித்து எழுதுவது பெரிய தப்பு. அவரவர் தாமே நிரப்பட்டும். “சொல்ல விருப்பமில்லை” என்ற தெரிவு ஒவ்வொரு கேள்விக்கும் இருக்கட்டும். படிவத்தின் தலையில் மூன்று விஷயம் வேண்டும்: எதற்காகக் கேட்கிறோம், யார் பார்ப்பார், எந்தத் தேதியில் அழிப்போம். பெயர் வேண்டாம். நேரடி மேலதிகாரி கையில் இது போகவே கூடாது. எந்தத் தகவலைக் கேட்கலாம் என்பதில் உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பதினைந்து இருபது பேர் உள்ள அமைப்பில் படிவமே வேண்டாம். பெயர் இல்லாவிட்டாலும் யார் எழுதியது என்று தெரிந்துவிடும். அங்கே ஆட்களை எண்ணுவதை விட்டுவிட்டு, மேலே சொன்னபடி விதிகளைச் சோதியுங்கள்.

“கூட்டத்தில் பெண்கள் வாயே திறக்க மாட்டேங்கிறாங்க. கேட்டா ‘ஒண்ணும் இல்ல’ங்கிறாங்க. நாங்க என்ன பண்றது?”

கூச்சம் என்று விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் முடிவெடுக்கும் விதிமுறைதான் காரணம். கிறிஸ்டஃபர் கார்ப்போவிட்ஸ், டாலி மெண்டல்பர்க், லீ ஷேக்கர் என்ற ஆய்வாளர்கள் ஐந்து பேர் குழுக்களை வைத்து நடத்திய ஆய்வு 2012-இல் வெளியானது. பெரும்பான்மை வாக்கில் முடிவெடுத்த குழுக்களில், சிறுபான்மையாக இருந்த பெண்கள் தங்கள் பங்கைவிட மிகக் குறைவாகப் பேசினார்கள். அனைவரும் ஒப்பினால்தான் முடிவு என்று விதியை மாற்றியபோது அந்த இடைவெளி மறைந்தது. தன் ஒப்புதல் தேவை என்று தெரிந்தால் வாய் திறக்கிறது. கேட்பவர்களும் காது கொடுக்கிறார்கள். இதற்காக எல்லாவற்றுக்கும் ஒருமித்த முடிவு வேண்டுமென்று வைத்தால், மாற்றத்தை விரும்பாத ஒரே ஒருவர் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார். பணம், வேலைநீக்கம், விதிமாற்றம் ஆகிய மூன்றுக்கு மட்டும் வைத்துப் பாருங்கள்.

கூட்டம் நடத்தும் முறையிலும் சில மாற்றங்கள் உடனே பலன் தரும். பொருள் வரிசையை மூன்று நாள் முன்பே, எல்லாருக்கும் புரியும் மொழியில் அனுப்புங்கள். படிக்க முடியாதவருக்குக் குரல் பதிவாக அனுப்புங்கள். விவாதத்துக்கு முன் ஒரு சுற்று: ஆளுக்கு இரண்டு நிமிடம், குறுக்கே யாரும் பேசக் கூடாது. சுற்று புதியவரிடமிருந்தோ பதவியில் இளையவரிடமிருந்தோ தொடங்கட்டும், தலைவர் கடைசியில் பேசட்டும். தலைவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர் பேச்செல்லாம் “நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்” என்றாகிவிடும். “பிறகு வருகிறேன்” என்று தாண்டிப் போனவரிடம் சுற்றின் முடிவில் மறுபடி கேளுங்கள். வாசலில் நின்று பேசியோ வாட்ஸ்அப்பிலோ முடிவு எடுக்கப்பட்டிருந்தால், அதை அடுத்த கூட்டத்தில் மறுபடி வைக்காமல் செல்லாது என்று எழுதியே வையுங்கள்.

‘ஒண்ணும் இல்ல’ என்பதற்குப் பொருள் பெரும்பாலும் “போன தடவை சொன்னேன், ஒன்றும் நடக்கவில்லை” என்பதுதான். குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள். “போக்குவரத்து குறித்து விவாதிக்கப்பட்டது” என்று இருக்கும். யார் சொன்னது, என்ன கேட்டது, யார் எப்போது செய்வதாக ஏற்றது எதுவுமே இருக்காது. அதே வரி இப்படி இருக்க வேண்டும்: “இரவுப் பணி முடிந்து திரும்ப வண்டி இல்லை என்று துப்புரவுப் பிரிவுப் பெண்கள் தெரிவித்தார்கள். 15-ஆம் தேதிக்குள் ஏற்பாடு செய்வதாகச் செயலாளர் ஏற்றார்.” அடுத்த கூட்டத்தின் முதல் பத்து நிமிடம் இந்த வரிகளை வாசித்து, நடந்ததா இல்லையா என்று சொல்வதற்கு மட்டும். இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்தால் பேச்சு தானாக வரும்.

“மினிட்ஸ் எழுதுறது, இடம் ஏற்பாடு, ஆளுக்கு ஆள் போன் பண்றது எல்லாம் பெண்கள் தலையிலேயே விழுது. அவங்களேதான் முன்வர்றாங்க…”

பொருளியலாளர் லிண்டா பேப்காக்கும் உடன் பணியாற்றியவர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கலப்புக் குழுக்களில், பதவி உயர்வுக்கு உதவாத வேலைக்கு ஆண்களைவிடப் பெண்களே அதிகம் முன்வந்தார்கள், அவர்களிடமே அதிகம் கேட்கப்பட்டது. ஆண்கள் மட்டும் இருந்த குழுவிலோ ஆண்களும் அதே அளவுக்கு முன்வந்தார்கள். பெண் இருந்தால் அவர் செய்துவிடுவார் என்று எல்லாருமே எதிர்பார்ப்பதுதான் இதற்குக் காரணம், இயல்பு அல்ல. ஆகவே “யார் செய்கிறீர்கள்?” என்று கேட்பதை நிறுத்துங்கள். பெயர் வரிசைப்படி முறை வையுங்கள், விதிவிலக்கு யாருக்கும் வேண்டாம். ஒருவர் மோசமாகச் செய்தால் மறுபடியும் அவருக்கே முறை. இல்லையென்றால் தப்பிப்பதற்கு அதுவே வழியாகிவிடும்.

“ஒடுக்கப்பட்ட பிரிவிலிருந்து ஒருத்தரைச் செயற்குழுவில் சேர்த்தோம். ஆறே மாசத்தில் விலகிட்டாங்க. தப்பு எங்கே?”

‘ஒருத்தரை’ என்பதில். சமூகவியலாளர் ரோசபெத் மோஸ் கேண்டர் 1977-இலேயே விளக்கியது இது: ஒரு குழுவில் ஏறத்தாழ 15 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருப்பவர்கள் தனி மனிதராகப் பார்க்கப்படுவதில்லை, தம் பிரிவின் அடையாளமாகவே பார்க்கப்படுகிறார்கள். அவர் தவறு செய்தால் பிரிவின் மேல் பழி. நன்றாகச் செய்தால் “இவர் மட்டும் விதிவிலக்கு”. இரண்டு பேரையாவது ஒரே நேரத்தில் சேருங்கள். பத்துப் பேர் குழுவென்றால் மூன்று பேர் இருப்பது இன்னும் நல்லது.

அவருக்கு என்ன வேலை கொடுத்தீர்கள் என்பதையும் பாருங்கள். ‘சமூக நல்லிணக்கம்’, ‘பெண்கள் நலன்’ என்று மட்டும் கொடுத்துவிட்டு நிதியை வேறொருவரிடம் வைத்திருப்பார்கள். நிகழ்ச்சிப் படங்களில் முன்வரிசை, நிதிக் குழுவில் இடமில்லை. நிதி, ஆள்தேர்வு ஆகிய இரண்டில் ஒன்றிலாவது அவர் இருக்க வேண்டும். வந்துபோகும் செலவு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவு, சைகைமொழி பெயர்ப்பாளர் செலவு ஆகியவை பட்ஜெட்டில் தனித் தலைப்பாக இருக்கட்டும். கேட்டுத்தான் பெற வேண்டும் என்றால் பலர் கேட்கவே மாட்டார்கள்.

“ஒதுக்கீடு வச்சா திறமை போயிடாதா? அப்படியே வச்சாலும் வசதியான பெண்களே வந்துடறாங்களே?”

இரண்டாவது கேள்விதான் சரியான கேள்வி. ‘பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு’ என்று மட்டும் வைத்தால் அந்த இடங்களுக்கு ஏற்கெனவே படிப்பும் தொடர்பும் உள்ள பெண்கள் வந்துவிடுவார்கள். இந்திய அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் ஊரக உள்ளாட்சிக்குச் செய்ததைப் பாருங்கள். மொத்த இடங்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. அதோடு பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான இடங்களுக்குள்ளும் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு அந்தச் சமூகப் பெண்களுக்கு. இந்த உள் ஒதுக்கீட்டு முறையைச் சின்னச் சங்கமும் விதியில் எழுதிக்கொள்ளலாம்.

திறமையைப் பற்றி: ஆளைப் பார்ப்பதற்கு முன்பே அளவுகோலை எழுதுங்கள். பிறகு எழுதினால், பிடித்த ஆளுக்கு ஏற்ற அளவுகோல்தான் வரும். “சரளமாக ஆங்கிலம் பேச வேண்டும்” என்பது அந்த வேலைக்கு உண்மையிலேயே தேவையா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

“திருநர் உறுப்பினர்கள் சேர்ந்தா தனியா ஏதாவது செய்யணுமா?”

பெரிதாக ஒன்றுமில்லை. அவர்கள் சொல்லும் பெயரையே வருகைப்பதிவிலும் அடையாள அட்டையிலும் போடுங்கள். சட்டம் பழைய பெயரைக் கேட்கும் கோப்பு இருந்தால் அதைப் பூட்டி வையுங்கள். கழிப்பறை விஷயத்தை அவர்கள் வந்த பிறகு யோசிக்காமல் முன்பே தீர்த்துவிடுங்கள். அவர்களுடைய வாழ்க்கைக் கதையைக் கேட்டு நிகழ்ச்சி நடத்த ஆசைப்படாதீர்கள்.

“தலைவர் மேலேயே புகார் வந்தா?”

அந்த நாளுக்கு முன்பே வழி எழுதப்பட்டிருக்க வேண்டும். புகார் கொடுக்கக் குறைந்தது இரண்டு வாசல் வேண்டும். ஒன்று அமைப்புக்கு வெளியே உள்ளவராக இருக்கட்டும். விசாரிக்கும் மூவரில் யாரும் தலைவரிடம் சம்பளமோ பதவி உயர்வோ எதிர்பார்ப்பவராக இருக்கக் கூடாது. புகாரைப் பெற்றுக்கொண்டதை மூன்று நாளில் எழுத்தில் தெரிவியுங்கள்; சட்டம் வேறு கெடு வைக்காவிட்டால் அறுபது நாளில் முடியுங்கள். விசாரணை முடியும்வரை புகார்தாரரின் சம்பளம், வேலைப் பங்கீடு, விடுப்பு ஆகியவற்றில் தலைவர் கையெழுத்துப் போடக் கூடாது.

மூன்று இடங்களில் வழக்கமாகச் சறுக்குவார்கள். முதலாவது, “ரகசியம் காக்க வேண்டும்” என்று புகார்தாரரின் வாயைக் கட்டுவது. ரகசியம் காக்கும் கடமை குழுவுக்குத்தான். இரண்டாவது, தன்னார்வலரும் பயிற்சியாளரும் ‘ஊழியர் அல்ல’ என்று தட்டிக்கழிப்பது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆவது உடன்படிக்கை (2019) தன்னார்வலர், பயிற்சியாளர், வேலை தேடி வந்தவர், வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் எல்லாரையும் பாதுகாப்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. உங்கள் விதியிலும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது, புகாரை ஒரே தலைப்பில் அடைப்பது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்திக்கொண்டே பாலியல் தொல்லையும் கொடுத்திருந்தால், படிவம் இரண்டையும் ஒன்றாக எழுத இடம் தர வேண்டும். தீர்ப்புக்குப் பின் மூன்றாவது மாதமும் ஆறாவது மாதமும் புகார்தாரரின் வேலைநேரம் மாறியிருக்கிறதா, கூட்ட அழைப்பு நின்றிருக்கிறதா என்று பாருங்கள். பழிவாங்கல் சத்தமில்லாமல் இப்படித்தான் வரும்.

“இப்படிப் பிரிச்சுக்கிட்டே போனா ஒற்றுமை என்ன ஆகும்?”

பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. பேசாதவர்கள் பொறுத்துக்கொண்டிருப்பதால் வெளியே தெரியவில்லை. அவர்கள் தனியாகக் கூடிப் பேச மாதம் ஒரு மணி நேரமும் ஓர் அறையும் கொடுங்கள். கூடிப் பேசுவதோடு முடிந்தால் பயனில்லை. அவர்கள் தரும் ஒரு விஷயம் அடுத்த பொதுக்கூட்டத்தின் வரிசையில் கட்டாயம் இடம்பெற வேண்டும், முப்பது நாளில் எழுத்தில் பதில் வர வேண்டும்.

பெண்களுக்குள்ளேயே வரும் உரசலுக்கும் இதே வழிதான். “நானும் பெண்தான், எனக்குத் தெரியாதா?” என்று பொறுப்பில் இருப்பவர் சொன்னால் பேச்சு அங்கேயே செத்துவிடும். கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, எதை மாற்றப்போகிறார், எதை மாற்ற முடியாது, ஏன் என்று ஒரு வாரத்தில் சொல்லட்டும். யாருக்குக் கஷ்டம் அதிகம் என்ற போட்டியில் இறங்க வேண்டாம். இந்த விதியால் இப்போது பாதிக்கப்படுவது யார் என்று கேட்டால் பேச்சு உருப்படும்.

“எட்டு வருஷமா நான்தான் பார்த்துக்கிறேன். விட்டா அமைப்பு சிதறிடும்னு பயமா இருக்கு. யார்கிட்ட எப்படிக் கொடுக்கிறது?”

உங்கள் தலைக்குள் மட்டும் இருப்பவற்றை முதலில் எழுதுங்கள்: நிதி தருபவர்களில் யாரிடம் எப்படிப் பேசுவது, கடவுச்சொற்கள், வாய்மொழியாகக் கொடுத்த வாக்குறுதிகள், யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை என்பது. பிறகு ஆறு மாதம் ஒதுக்குங்கள். முதல் இரண்டு மாதம் புதியவர் உங்களோடு எல்லாச் சந்திப்புக்கும் வரட்டும். அடுத்த இரண்டு மாதம் அவர் நடத்தட்டும், நீங்கள் ஓரமாக உட்காருங்கள். கடைசி இரண்டு மாதம் நீங்கள் வரவே வேண்டாம். வங்கிக் கையெழுத்து மூன்றாவது மாதத்திலேயே மாற வேண்டும்; அதைக் கடைசிக்குத் தள்ளினால் மற்றதெல்லாம் ஒத்திகையாகவே நின்றுவிடும்.

விலகிய பிறகு ஓராண்டு செயற்குழுவில் ‘ஆலோசகர்’ என்ற பெயரிலும் உட்காராதீர்கள். பழைய உறுப்பினர்கள் பழக்கத்தில் உங்களுக்கே போன் செய்வார்கள். அப்போது பதில் சொல்லாமல் புதியவரின் எண்ணைக் கொடுங்கள்.